விரல் பொறுக்கிற சூடு

அந்த வருஷம் தேரிக்காட்டுச் செம்மணலில் மழை முந்திப் பெய்து, பனைகளின் அடியில் தேங்கி நின்ற சிவப்புத் தண்ணீர் வற்றி, பள்ளமெல்லாம் பச்சை படர்ந்த பிறகு, செங்காட்டுக் குடியிருப்பில் உறைமோரோடு சேர்ந்து முகமும் வீடு விட்டு வீடு போக ஆரம்பித்தது. யாரும் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் தயிர் தீர்ந்துபோனால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறை வாங்கித் தன் பாலில் விடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இங்கே அப்படி வாங்கின தயிரைச் சாப்பிட்டவர்களுக்குக் கொடுத்த வீட்டின் சாயல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

முதலில் தெரிந்தது ஜெயசிங்கின் கன்னத்தில். வாழைக்காய் லாரி வைத்திருப்பவர், குரல் பெரிது, சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி லீலா எதிர்வீட்டுத் தங்கபுஷ்பத்திடம் ஒரு கரண்டி உறை வாங்கினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள் ஜெயசிங்கின் இடது கன்னத்தில் தங்கபுஷ்பம் வீட்டுக் கன்னக்குழி விழுந்துவிட்டது. அந்தக் குழி தங்கபுஷ்பத்துக்கும், பஹ்ரைனில் வேலை பார்க்கிற மகனுக்கும், பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிற மகள் பெனிட்டாவுக்கும் உள்ளது. ஜெயசிங் கோபத்தில் வாயைக் கோணும்போதெல்லாம் அது விழுந்தது. லாரி டிரைவருக்கும் கிளீனருக்கும் அவரிடம் இருந்த பயம் போய்விட்டது.

"எக்கா, எங்க வீட்டுக்காரரு ஏசினா இப்பம் கொஞ்சுத மாதிரி இருக்கு. உங்க உறையைத் திருப்பிக் கேட்டுராதீங்க, என்னா?" என்றாள் லீலா.

பிறகு அது பரவியது. தச்சர் வீட்டு மூக்கு கீழத் தெருவுக்குப் போனது, கீழத் தெருச் சுருட்டை முடி கோயில் காம்பவுண்டுக்குள் வந்தது, தும்மும்போது மூன்று முறை தும்முகிற ஒரு வீட்டாரின் வழக்கம் பள்ளிக்கூடம் முழுக்கப் போய்ப் பிள்ளைகள் வரிசையாகத் தும்மினார்கள், பல் எடுப்பான வீட்டில் உறை வாங்க ஆளில்லாமல் அந்த வீட்டம்மா சண்டைக்கு வந்தாள், கணக்கில் நூறு வாங்கின பையன் வீட்டு வாசலில் பரீட்சைக்கு முந்தின வாரம் தாய்மார்கள் கிண்ணத்தோடு நின்றார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் நகையைக் கேட்பதற்கு முன்னால் 'உங்க வீட்டுல எந்த வீட்டு உறை?' என்று கேட்கப் பழகினார்கள். ஆண்டவர் கொடுத்த முகத்தோடு திருப்தியாக இருங்கள் என்று போதகர் ஒரு ஞாயிறு பிரசங்கம் பண்ணினார். அடுத்த ஞாயிறு அவரே கோயில் மணி அடிக்கிறவரின் அடர்ந்த புருவத்தோடு பீடத்தில் ஏறினார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

தங்கபுஷ்பம் மெல்லப் பேசுகிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள், பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் விடியற்காலையில் முழங்காலில் நின்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபம் பண்ணுகிறவள். ஊர் மாறின கதையை அவளுக்கு விளக்கிச் சொன்னது லீவுக்கு வந்திருந்த பெனிட்டாதான்.

"அம்மா, தயிருக்குள்ள இருக்கிறது பூராவும் உசுரு. கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், விடியறதுக்குள்ள சட்டி நெறஞ்சிரும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் வளையல் மாதிரி சின்னதா ஒரு வளையம். நீ எப்படி இருக்கணும், எதைத் தாங்கணும்ங்கிறதெல்லாம் அதுல பாசி மாதிரி கோத்திருக்கும். பக்கத்துல இன்னொண்ணு வந்து ஒட்டினா அந்த வளையத்தை அதுக்கும் ஒண்ணு செஞ்சு குடுத்துரும்."

"பெத்த பிள்ளைக்கா?"

"பெத்த பிள்ளைக்கு மட்டும்னா பரவாயில்லையே. பக்கத்து வீட்டுக்காரிக்கும் குடுக்கும். ஆளு தரம் பாக்காது."

"அது மனுஷருக்கும் வருமாட்டி?"

"வராதுன்னுதான் பாடத்துல இருக்கு." பெனிட்டா ஜன்னல் வழியாக ஜெயசிங்கின் கன்னத்தைப் பார்த்தாள். "பாடம் எழுதினவங்க நம்ம ஊருக்கு வந்ததில்ல."

தங்கபுஷ்பம் சிரித்தாள். "அப்பம் உங்க அப்பாவோட கோபத்தை மட்டும் கழட்டிட்டு மத்ததைக் குடுக்கச் சொல்லேன்."

"அது நடக்காது. ஒரே வளையத்துல கோத்தது எல்லாம் சேர்ந்துதான் போகும். எனக்கு இது வேணும், அது வேண்டாம்னு உருவ முடியாதும்மா."

குடியிருப்பில் ஒரு வீட்டு முகம் மட்டும் எங்கும் போகவில்லை. அது ஆஸ்பத்திரி வீடு. ஊர் முடிந்து தேரி மணல் தொடங்குகிற இடத்தில், ஓடு வேய்ந்த சின்ன வீடு. அதைக் கட்டின மனிதர் பெருநோய் ஆஸ்பத்திரியில் குணமாகி, மழுங்கின விரல்களோடும் பூனைக்கண்களோடும் வந்து சேர்ந்தவர். அவர் செத்து ரொம்ப காலம் ஆயிற்று. அவருடைய ஒரே மகள் சொர்ணத்தாய்க்கு அந்த நோய் ஒருநாளும் வந்ததில்லை. அப்பாவின் கண் மட்டும் வந்தது, தேனை வெயிலில் பிடித்த மாதிரி. புருஷனும் போய்விட்டான், பிள்ளை இல்லை. கோயிலில் கடைசி பெஞ்சு அவளுடையது, அதற்கு முந்தின பெஞ்சு எப்போதும் காலி. ஒரு எருமை வைத்திருந்தாள். அதன் பால் பக்கத்து ஊர்ச் சொசைட்டிக்கு கேனில் போய், மற்றப் பாலோடு கலந்து, பாக்கெட்டாகக் குடியிருப்புக்கே திரும்பி வந்தது. அதை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் அவள் கையால் கொடுத்து ஒருவரும் ஒன்றும் வாங்கினதில்லை. சின்ன வயதில் அவளும் தங்கபுஷ்பமும் ஒரே பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்தார்கள். பிறகு தங்கபுஷ்பத்தின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் பேசிவிட்டுப் போனாள்.

பனி தொடங்கும்போது காய்ச்சல் வந்தது. உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடுவதால் அதைக் குலுக்கு என்றார்கள். சுகாதாரத்துறையிலிருந்து வந்து தண்ணீர்த் தொட்டியில் மருந்து போட்டார்கள், ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள், ஊசி போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் காய்ச்சல் பஸ்ஸில் கூடவே ஏறிப் போய்க் கூடவே இறங்கி வந்தது. இரண்டு பேரை அடக்கம் பண்ணின பிறகு கோயில் மணி அடித்தாலே பெண்கள் கை வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து, எந்த வீடு என்று பார்த்தார்கள். பெனிட்டாவும் ஒரு மத்தியானம் தலையைப் பின்னிக்கொண்டிருக்கும்போதே பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுச் சுருண்டு படுத்தாள்.

குலுக்கு நுழையாத வீடு ஒன்றுதான். சொர்ணத்தாய் வழக்கம்போல எருமையை ஓட்டிக்கொண்டு போனாள், வழக்கம்போலக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பெரிய நோயை எதிர்த்து நின்று திரும்பி வந்த வீடு, அந்தத் தாங்குசக்தி அவள் உடம்பில் இருக்கிறது, உறையில் முகம் போகுமென்றால் அதுவும் போகும்; இதை யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, ஒரே நாளில் எல்லோர் வாயிலும் இருந்தது. ஆனால் அது போனால் பூனைக்கண்ணும் கூட வரும். ஆஸ்பத்திரி வீட்டில் வாங்கித் தின்றவர்கள் என்று கண்ணே ஊருக்குச் சொல்லிவிடும்.

ஆகவே பின்வாசல் வழியாகப் போனார்கள். சொர்ணத்தாய் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிரட்டையில் தயிரை ஊற்றிப் பின்சுவர் மேல் வைப்பாள். வந்தவர்கள் அவள் உள்ளே போன பிறகு வாழை இலையால் பிடித்து எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பாலில் விடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் நடந்தது.

தங்கபுஷ்பம் வீட்டில் அதைச் செய்தது அவள் புருஷன் வேதமாணிக்கம். கோயில் கமிட்டியில் இருப்பவர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் பொறுக்காதவர். இரும்புக் கரண்டியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, சிரட்டைக்குள் விட்டார். 'சொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தது.

"இப்பம் விடு பால்ல. அந்த வீட்டு நோயும் தீட்டும் இதோட போச்சு. குணம் மட்டும் நிக்கும்."

தங்கபுஷ்பம் கையில் பாலோடு நின்றாள். கொதிக்கிற பாலில் உறை விட்டால் உறை செத்துப்போகும் என்று தெரியாத பெண் குடியிருப்பில் ஒருத்தி கிடையாது. தினமும் பாலைக் காய்ச்சி இறக்கி, சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகுதான் உறை விடுவார்கள். அது அவர்கள் கைக்குத் தெரியும். அந்தக் கைகளேதான் அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு கரண்டியைக் காய்ச்சின. தங்கபுஷ்பமும் அந்த உறையைப் பாலில் விட்டாள். ஒருவேளை அப்படித்தானோ என்று நினைத்தாள். அப்படி இருந்தால் நல்லது என்று நினைத்தாள்.

பால் உறையவில்லை. ஒரு வீட்டிலும் உறையவில்லை. சில வீடுகளில் திரிந்து நாறியது, சில வீடுகளில் பாலாகவே இருந்தது. லீலாவின் மாமியார் அந்தப் பாலைக் குடித்த மறுநாள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து வந்த காலையில் ஜெயசிங் தெருவில் நின்று கத்தினார். "செத்த உறையைக் குடுத்து ஏமாத்திட்டா! தான் மட்டும் பொழைக்கணும், ஊரு அழியணும். அவ சட்டியை ஒடைச்சாத்தான் சரிப்படும்!" அவர் கன்னத்தில் குழி விழுந்தது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் கோயில் முன்னால் கூட ஆரம்பித்தார்கள். வேதமாணிக்கம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நீங்களுமா போறீங்க?" என்றாள் தங்கபுஷ்பம்.

"கமிட்டியில இருந்துக்கிட்டு வீட்டுல உக்காரச் சொல்லுதியா?"

அவர் போன பிறகு தங்கபுஷ்பம் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெனிட்டாவின் உதடு வெடித்திருந்தது. கட்டில் கால்கள் தரையில் தடதடத்தன. நேற்றுவரை தண்ணீர் கேட்டாள், இன்றைக்கு அதுவும் கேட்கவில்லை. ஈரத்துணியை நெற்றியில் வைத்தபோது மகள் கண் திறவாமலே சொன்னாள்.

"சுடாதீங்கம்மா."

"என்ன பிள்ள? துணி குளிர்ந்துதான் இருக்கு."

"அது உசுரும்மா. கரண்டியைப் போடாதீங்க. சத்தம் கேட்டுச்சு."

தங்கபுஷ்பம் எழுந்து போய் அடுக்களை மூலையில் முழங்காலில் நின்றாள். ஆண்டவரே, என்று ஆரம்பித்தாள். பிள்ளையைக் காப்பாற்றும் என்று கேட்கத்தான் நின்றாள். கேட்கிறதற்கு முன்னாலேயே பதில் ஒரு சிரட்டையில் வந்து, அதைத் தன் வீட்டில் வைத்துப் பொசுக்கியாயிற்று என்று தெரிந்த பிறகு என்னவென்று கேட்பது? எழுந்தாள். லீலாவைக் கூப்பிட்டு, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்றாள். லீலா அழுது வீங்கின முகத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

தங்கபுஷ்பம் எல்லோரும் ஒளிந்து போகிற பின்பக்க ஓடை வழியாகப் போகவில்லை. நடுத்தெரு வழியாக, கோயில் முன்னால் கூடி நின்ற ஆண்களைத் தாண்டி, செருப்பு மணலில் புதைய, ஆஸ்பத்திரி வீட்டுக்கு நடந்தாள். அவள் எங்கே போகிறாள் என்று அவர்களுக்குப் புரிய கொஞ்சம் நேரம் பிடித்தது.

சொர்ணத்தாய் முன்வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்சுவருல வச்சிருக்கேன். அந்தப் பக்கமா வாங்க."

"இல்ல சொர்ணம், இந்தப் பக்கம்தான் வந்தேன்."

"கொண்டுபோயி என்ன செய்யப் போறீங்க?"

தங்கபுஷ்பம் படியருகே வந்து நின்றாள்.

"சுடுதீங்கன்னு தெரியும்" என்றாள் சொர்ணத்தாய். குரலில் கோபம்கூட இல்லை. "சுவருக்கு அந்தாண்டை நின்னு பேசிக்கிடுதீங்க, எனக்குக் காது இருக்குல்லா. சுட்டா என்னத்துக்கு ஆவும்? எங்கப்பாவை ஆஸ்பத்திரியில இருந்து விட்டபிறகும் இந்த ஊருல அவரு உக்காந்த பெஞ்சை வெந்நி ஊத்திக் கழுவுனாங்க. நானும் தினம் வைக்கேன். என்னைக்காவது ஒருத்தர் சுடாமக் கொண்டுபோவாங்கன்னு வைக்கேன்."

"என் பிள்ளை கெடக்கா, சொர்ணம்."

"அதுக்கு?"

"நான் சுடமாட்டேன்."

"எப்படி நம்பச் சொல்லுதீங்க?"

"தயிரைக் கொண்டா. இங்கயே, உன் வாசல்ல உக்காந்து தின்னுதேன். ஊரு பாக்கட்டும்."

சொர்ணத்தாய் சாணி வாளியைக் கீழே வைத்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், உறியிலிருந்து கறுத்த மண்சட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். அதுதான் ஒரே சட்டி. அவள் அப்பா காலத்திலிருந்து ஒரு நாள் விடாமல், நேற்றையதிலிருந்து இன்றைக்கு, இன்றையதிலிருந்து நாளைக்கு என்று அதே உறை உயிரோடு நின்றிருந்தது அந்தச் சட்டியில். தங்கபுஷ்பம் வாசற்படியில் உட்கார்ந்தாள். வலது கையைச் சட்டிக்குள் விட்டு ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். கட்டித் தயிர், குளிர்ச்சி, ஓரத்தில் கொஞ்சம் இனிப்பு. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். மகளுக்குக் கொண்டுபோக இன்னொரு கை அள்ளத் திரும்பவும் சட்டிக்குள் கையை விட்டபோது, மணலில் நிறையக் கால்கள் வருகிற சத்தம் கேட்டது.

ஜெயசிங் முன்னால் வந்தார். கையில் பனைமட்டை. பின்னால் வந்தவர்களில் வேதமாணிக்கமும் இருந்தார். மனைவி அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, உதட்டில் தயிரோடு நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டதும் அவர் கால்கள் நின்றுவிட்டன.

"எக்கா, தள்ளுங்க" என்றார் ஜெயசிங்.

"எதுக்கு? உன் கன்னத்துல இருக்கிறது என் வீட்டுக் குழி. அதை எனக்கு எதிரா வச்சுக் கோபப்படுதியா?"

"எங்கம்மாவைக் கொன்ன உறை அது!"

"உங்கம்மாவுக்குக் குடுத்தது அந்த உறையே இல்ல ஜெயசிங். அதை நம்ம கரண்டியிலேயே கொன்னுட்டோம். நீயும் கொன்ன, நானும் பாத்துக்கிட்டு நின்னேன். போயி லீலாட்ட கேளு. சுட்டாளா இல்லையான்னு கேளு."

கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் காதிலும் அவரவர் வீட்டுச் சிரட்டையின் 'சொய்ங்' கேட்டிருக்க வேண்டும். ஆனால் கோபத்தோடு இவ்வளவு தூரம் மணலில் நடந்து வந்த கைகள் வெறுமனே திரும்ப ஒத்துக்கொள்ளவில்லை. பனைமட்டை சுழன்றது. சட்டி வாசற்படியில் விழுந்து மூன்றாக உடைந்து, தயிரைத் தேரி மணல் ஒரு வாயில் குடித்தது. சொர்ணத்தாய் ஓடி வந்து மணலோடு சேர்த்து அள்ளப் பார்த்தாள், உடைந்த ஓடுகளை விரலால் வழித்துப் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பா கொண்டுவந்த உறை அன்றோடு தீர்ந்தது.

தீரவில்லை. தங்கபுஷ்பத்தின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெள்ளையாக இருந்தது.

அவள் அந்தக் கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கூட்டம் வழி விட்டது. நடுத்தெரு வழியாகத் திரும்பி நடந்தாள், குஞ்சுப் பறவையை ஏந்தினவள் மாதிரி, விரல்களை விரித்து, ஒன்றோடொன்று படாமல், முந்தானையில் படாமல். வெயில் ஏறிவிட்டது. விரல் நுனிகள் காய்ந்து வெள்ளைத் தோலாக இழுத்தன. குழாயடியில் நின்றவள் ஒருத்தி, "கையைக் கழுவிக்கிடுங்க மைனி" என்று செம்பை நீட்டினாள். தங்கபுஷ்பம் கையை உயரத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கண்ணீர் வந்து கன்னத்தில் வழிந்தது, துடைக்க நிற்கவில்லை. ஆண்டவரே, காய்ந்துபோக விடாதேயும், ஆண்டவரே, காய்ந்துபோக விடாதேயும் என்று அடிக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டே போனாள்.

லீலா காலைப் பாலைக் காய்ச்சி இறக்கி வைத்திருந்தாள். ஆவி பறந்தது. தங்கபுஷ்பம் இடது கைச் சுண்டுவிரலை விட்டாள், வெடுக்கென்று எடுத்தாள். ஆற்றினாள். திரும்ப விட்டாள், திரும்ப எடுத்தாள். உள்ளறையில் கட்டில் கால்கள் தடதடப்பது நின்றுபோயிற்று, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. லீலா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "மூச்சு இருக்கு எக்கா, மூச்சு இருக்கு" என்றாள். சூட்டோடு கையை விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவசரப்பட்டால் எல்லாம் போகும், தாமதித்தால் கையில் இருக்கிறது காய்ந்துவிடும். மூன்றாவது முறை விட்டபோது விரல் பொறுத்தது. வலது கையை மணிக்கட்டு வரை பாலுக்குள் இறக்கி, உள்ளேயே விரல்களை ஒன்றோடொன்று தேய்த்து, காய்ந்த தோலைப் பாலில் கரைத்து எடுத்தாள்.

வேதமாணிக்கம் பின்னாலேயே வந்துவிட்டார். அடுப்பில் இரும்புக் கரண்டியை வைத்தார். அது சிவக்கிறவரை நின்றார்.

"தள்ளு புஷ்பம். உனக்குப் பயம் இல்லாம இருக்கலாம். என் பிள்ளை வாயில அந்த வீட்டுதை அப்படியே ஊத்த நான் விடமாட்டேன்."

தங்கபுஷ்பம் சட்டிமேல் தன் வலது கையைக் குறுக்கே வைத்தாள். பால் சொட்டியது.

"போடுங்க. முதல்ல என் கையில வைங்க. இதுலயும் அந்த உறைதான் இருக்கு. வயித்துலயும் இருக்கு. என்னை எந்த இடத்துலருந்து சுட ஆரம்பிக்கணுமோ ஆரம்பிங்க."

முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசினதில்லை. சிவந்த கரண்டி அவர் கையில் அந்தரத்தில் நின்றது. சிவப்பு மங்கி, கறுப்பாகி, ஆறுகிறவரை அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு வெயில் நல்ல வெயில். சட்டியைத் துணி சுற்றி முற்றத்து ஓரத்தில் வைத்தாள். மூடியை எடுத்துப் பார்க்கக் கை பரபரத்தது, பார்க்கவில்லை. உள்ளே அந்தச் சின்ன உயிர்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, வளையத்துக்கு வளையம் கோத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவற்றுக்கும் ஒரு ஜெபம் சொன்னாள். அவற்றின் பெயர் தெரியாததால் 'இவைகளையும்' என்று சொன்னாள்.

வெயில் சாய்ந்தபோது மூடியை எடுத்தாள். சட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். தளும்பவில்லை.

முதல் கரண்டி பெனிட்டாவின் கடைவாயில் வழிந்துவிட்டது. இரண்டாவது கரண்டியில் தொண்டை அசைந்தது. கிண்ணம் பாதி காலியானபோது நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது, குலுக்கு தொடங்கின நாளிலிருந்து அந்த நெற்றியில் காணாத வியர்வை. பெனிட்டா கண்ணைத் திறந்தாள். வெயிலில் பிடித்த தேன்.

"அம்மா," என்றாள், "உங்க கண்ணு என்னம்மா ஆச்சு?"

தங்கபுஷ்பம் அப்போதுதான் கண்ணாடி பார்த்தாள். பார்த்துவிட்டு, தூசியைத் துடைக்கிற மாதிரி முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். வேதமாணிக்கம் மனைவியையும் மகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு கை போடு."

"சுடாமத்தான் போடுவேன்."

"சுடாமத்தான் கேக்கேன்."

சேதி தெருவில் ஓட நேரம் ஆகவில்லை. பின்வாசலில் மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் கிண்ணங்கள், தூக்குவாளிகள், டம்ளர்கள், அவற்றின் பின்னால் மூக்கும் புருவமும் கலந்துபோன தெரிந்த முகங்கள். போதகரின் மனைவிகூட நின்றாள். எல்லோருக்கும் அவசரம், விளக்கு வைத்த பிறகு யாரும் யாருக்கும் உறை கொடுக்கிற வழக்கம் குடியிருப்பில் இல்லை, பொழுதோ இறங்கிக்கொண்டிருந்தது.

"இங்க கிடைக்காது" என்றாள் தங்கபுஷ்பம். "இது என் வீட்டு உறை இல்ல. யாரோடதோ அவ வாசல்ல வந்து வாங்கிக்கிடுங்க. முன்வாசல்ல."

கிண்ணத்தில் தயிரை எடுத்துக்கொண்டு திரும்பவும் நடுத்தெருவில் இறங்கினாள். பின்னால் எல்லோரும் வந்தார்கள். சூரியன் பனங்காட்டுக்குள் இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக நடந்தார்கள், பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. நடுவில் ஜெயசிங் வந்து சேர்ந்துகொண்டார். கையில் ஒரு புதுச் சட்டி இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தோளுக்கும் இடுப்புக்கும் மாற்றிக்கொண்டே வந்தார்.

சொர்ணத்தாய் வாசற்படியில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எருமையைக் கறந்து பாலைக் காய்ச்சி இறக்கியிருந்தாள், பழக்கத்தில். உறை இல்லாத பால் அவள் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து பின்னால் நகர்ந்தாள்.

"இனி ஒடைக்க ஒண்ணும் இல்ல."

தங்கபுஷ்பம் படியேறிக் கிண்ணத்தை நீட்டினாள். சொர்ணத்தாய் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. நீட்டினவளின் முகத்தையே பார்த்தாள். அப்பா போன பிறகு அந்தக் கண்ணை அவள் இன்னொரு முகத்தில் பார்த்ததில்லை. தன்னோடு அது முடிந்துவிடும் என்றுதான் இருந்தாள். கை தானாக எழும்பி, தங்கபுஷ்பத்தின் கண்ணோரத்தைத் தொட வந்து, தொடாமல் நின்றது. தங்கபுஷ்பம் முகத்தை முன்னால் கொண்டுபோய் அந்த விரலில் வைத்தாள்.

"சுட்டியா?" என்று கேட்டாள் சொர்ணத்தாய்.

"இல்ல."

"உன் வீட்டுப் பால்ல தோஞ்சது. இனி என் கன்னத்துலயும் குழி விழுமே, ஏட்டி புஷ்பம்."

"விழட்டும். இனிமேலா கலியாணம் கட்டிக்கப் போற?"

சொர்ணத்தாய் சிரித்துவிட்டாள். ஜெயசிங் புதுச் சட்டியைப் படியில் வைத்தார். ஏதோ சொல்ல வாயைக் கோணினார், வார்த்தை வராமல் கன்னக்குழிதான் வந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. சட்டியை எடுத்து, கழுவி, பாலை அதில் ஊற்றினாள். மேற்கே பனந்தலைகளில் கடைசி வெளிச்சம் நின்றது. ஊரே பாத்திரங்களோடு வாசலில் நிற்க, அவள் தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்து இழுத்து, சுண்டுவிரலைப் பாலுக்குள் விட்டாள்.

"பொறுக்குதா?"

"பொறுக்குது" என்றாள் தங்கபுஷ்பம். "விடு."